குற்றாலம் டூ குருசடை: தீவுகளில் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்... முதுநிலை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் தென்காசி, செங்கோட்டை வரை சாரல் அடிக்கும். அருவியில் விழுந்த தண்ணீர் சிற்றாறாக ஓடி, வழியில் அணைக்கட்டுகளையும் குளங்களையும் நிரப்பிவிட்டு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. தாமிரபரணி புன்னக்காயலில் கடலில் கலக்கிறது. அந்தக் கடலுக்குப் பெயர் மன்னார் வளைகுடா. இந்தியாவின் முக்கியமான பவளப்பாறைத் தீவுகள் இருக்கும் இடம்.

தென்காசி கடற்கரையே இல்லாத மாவட்டம். ஆனால் இங்கே விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு நாட்டின் மிகச் சிறந்த கடல் ஆய்வுக்களங்களில் ஒன்று பேருந்தில் போய் இறங்கும் தூரத்தில்தான் இருக்கிறது. தென்காசியில் இருந்து தூத்துக்குடி சுமார் 100 கிலோமீட்டர்.

"எம்.எஸ்சி படிக்கிறேன், கடல் சார்ந்த இன்டர்ன்ஷிப் போகணும். யாரைக் கேட்கணும்? தீவுக்கு உள்ளே விடுவாங்களா? நீச்சல் தெரியணுமா? காசு கட்டணுமா?" என்ற கேள்விகள் பலருக்கும் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப் என்றால் என்ன?

ஒரு ஆய்வு நிறுவனத்திலோ, பல்கலைக்கழகத் துறையிலோ, பாதுகாப்பு அமைப்பிலோ குறிப்பிட்ட காலம் தங்கி, அங்கே நடக்கும் உண்மையான ஆய்வில் ஒரு சிறு பகுதியைச் செய்து கொடுப்பதுதான் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப். கல்விச் சுற்றுலா வேறு, இது வேறு. சுற்றுலாவில் நாம் பார்த்துவிட்டு வருகிறோம். இதில் நாம் எடுக்கும் அளவீடு ஒரு ஆய்வுக்குள் போய்ச் சேர்கிறது. தப்பாக எடுத்தால் ஆய்வும் தப்பாகும்.

இதில் பொதுவாக நான்கு வகை உண்டு.

1. பாடத்திட்ட இன்டர்ன்ஷிப்: இரண்டு முதல் நான்கு வாரம். தமிழ்நாட்டில் பல முதுநிலைப் பாடத்திட்டங்களில் முதலாம் ஆண்டு கோடை விடுமுறையில் செய்ய வேண்டிய இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் உண்டு.

2. ப்ராஜெக்ட் அல்லது டிசர்டேஷன்: எம்.எஸ்சி கடைசி செமஸ்டரில் சில மாதங்கள். கல்லூரியில் ஒரு வழிகாட்டி, வெளி நிறுவனத்தில் ஒரு வழிகாட்டி என இருவரின் கீழ் செய்யலாம்.

3. கோடைக்கால ஆய்வு உதவித்தொகை: பெங்களூருவில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமி, மற்ற இரு தேசிய அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் திட்டம் இதில் பிரபலமானது. தேர்வானால் நாட்டின் ஏதாவது ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை செய்யலாம். உதவித்தொகையும் உண்டு. அறிவிப்பு பொதுவாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும்.

4. பட்டம் முடித்த பிறகு: ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட், ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ பணிகள். இவை இன்டர்ன்ஷிப் அல்ல, சம்பளம் உள்ள வேலை. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் தகுதி பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இன்டர்ன்ஷிப்பில் கிடைக்கும் பழக்கம் இந்தக் கதவைத்தான் திறக்கிறது.

ஏன் மன்னார் வளைகுடா?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடலில் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. மண்டபம் குழுவில் 7, கீழக்கரை குழுவில் 7, வேம்பார் குழுவில் 3, தூத்துக்குடி குழுவில் 4. குருசடை, சிங்கில், முயல்தீவு, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மனிதர்கள் நிரந்தரமாக வசிப்பதில்லை.

இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது தமிழ்நாடு அரசு. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

இங்கே 3,600-க்கும் மேற்பட்ட தாவர, விலங்கு இனங்கள் பதிவாகியுள்ளன. கடினப் பவளங்களில் மட்டும் 117 இனங்கள். கடற்புல் படுகைகள், அதை மேய வரும் ஆவுளியா என்கிற கடல்பசு, கடல் ஆமைகள், கடல் அட்டை, கடல் குதிரை, சங்கு என்று பட்டியல் நீளும்.

மாணவர்கள் இங்கே வருவது புதுசு அல்ல. பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவின் உயிரினங்களை வரிசைப்படுத்தி 1927-லேயே சென்னை அரசு அருங்காட்சியகம் ஆய்வு நூல் வெளியிட்டது. புழு போன்ற உடலோடு, முதுகெலும்பிகளுக்குத் தூரத்து உறவான பலனோகிளாசஸ் உயிரினத்தைப் பார்க்கத் தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்கள் குருசடைக்குப் போயிருக்கிறார்கள். இன்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் கொச்சியில் இருக்கலாம். ஆனால் 1947-ல் பிறந்த அந்த நிலையம் தன் ஆரம்ப ஆண்டுகளில் இயங்கியது மண்டபம் கேம்பில்தான்.

இப்போது இந்தத் தீவுகளுக்கு என்ன ஆபத்து?

இன்டர்ன் மாணவர் எடுக்கும் ஒரு அளவீடு ஏன் முக்கியம் என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

முதல் ஆபத்து வெப்பம். பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்கு நிறத்தையும் உணவையும் தருவது அவைதான். கடல் நீரின் வெப்பம் வழக்கத்தைவிட உயர்ந்து சில வாரம் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. வெள்ளை எலும்புக்கூடு மட்டும் தெரியும். இதைத்தான் வெளுப்பு என்கிறோம். வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் செத்துவிடும்.

மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய வெளுப்பு நடந்தது. 2016 வெளுப்புக்கு முன்பு சுமார் 39 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, அதற்குப் பிறகு சுமார் 23 சதவீதமாகக் குறைந்தது. உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு லட்சத்தீவும் மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை.

இரண்டாவது, தீவுகளே கரைவது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் ஏற்கெனவே நீருக்கடியில் போய்விட்டன. ஒரு காலத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுத்த சுவர் போனதும் தீவின் மணல் அரிபட்டது. தூத்துக்குடி அருகே வான் தீவு சில ஹெக்டேர் நிலமாகச் சுருங்கிப் போனது. அதைக் காப்பாற்ற, கடலடியில் துளைகள் கொண்ட சிமென்ட் செயற்கைப் பாறைகள் வரிசையாக இறக்கப்பட்டன. அடுத்து காரைச்சல்லித் தீவை மீட்கும் பணி, உலக வங்கி உதவியுடன் நடக்கும் தமிழ்நாடு அரசின் கடலோரத் திட்டத்தில் கையில் எடுக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, வெளியில் இருந்து வந்த பாசி. வணிகத்துக்காக வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி, குருசடைப் பகுதியில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதை 2008-ல் விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். இன்னொரு பக்கம் அந்தப் பாசி வளர்ப்பு கரையோரக் குடும்பங்களுக்கு வருமானம். எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்று சொல்ல அளவீடுகள் வேண்டும்.

இது தவிர பிளாஸ்டிக், கைவிடப்பட்ட வலைகள், ஆறு கொண்டுவரும் கழிவு. குற்றாலம் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-ல் தடை விதித்தது நினைவிருக்கும். அருவியில் கரையும் அழுக்கு ஆற்றோடு போகிறது. ஆறு போய்ச் சேரும் இடம் கடல். மலையில் இருக்கும் மாணவருக்கும் அந்தக் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் இதுதான்.

தென்காசி மாணவர்கள் எங்கே முயற்சி செய்யலாம்?

குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி உள்ளிட்ட இந்தப் பகுதிக் கல்லூரிகள் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இதே பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் உயராய்வு மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் கன்னியாகுமரி மாவட்டம் ராஜாக்கமங்கலத்தில் இருக்கிறது. முதலில் கதவைத் தட்ட வேண்டிய இடங்கள் இவை. சொந்தப் பல்கலைக்கழகம் என்பதால் அனுமதிக் கடிதம், கிரெடிட் விஷயங்கள் எளிதாக முடியும்.

அடுத்தது இவை:

• தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம்: மன்னார் வளைகுடா பவளப்பாறைகள், கடற்புல் குறித்து நீண்டகாலமாகத் தொடர் ஆய்வு நடத்தும் இடம். 2002 முதல் பவள மறுநடவு செய்து வருகிறது.

• மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்: மண்டபம், தூத்துக்குடி இரண்டு இடத்திலும் மையங்கள் உண்டு. மீன் இனங்கள், மீன்பிடி அளவு, கூண்டு வளர்ப்பு, கடல் அட்டை போன்றவற்றில் வேலை கிடைக்கும்.

• தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம்: 1977-ல் தொடங்கப்பட்டது. ஆய்வக வசதி அதிகம்.

• பரங்கிப்பேட்டை: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். அலையாத்திக் காடுகள் பற்றிப் படிக்க நினைப்பவர்களுக்கு ஏற்றது. பிச்சாவரம் பக்கத்திலேயே இருக்கிறது.

• சென்னை: தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், நீடித்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மண்டல மையம்.

• டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம்: ஆவுளியா பாதுகாப்புத் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கடலிலும் வேலை செய்கிறது. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. நாட்டில் இதுதான் முதல்.

கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால், அந்தமானிலும் லட்சத்தீவிலும் தட்சின் ஃபவுண்டேஷன், நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக ஆய்வு செய்கின்றன. ஆட்கள் தேவைப்படும்போது தங்கள் இணையதளத்தில் அறிவிப்பார்கள். வெளிநாட்டில் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவு, கலாபகஸ் தீவுகளின் சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையம் ஆகியவை உலகப் புகழ் பெற்றவை. ஆனால் விமானச் செலவு, விசா, காப்பீடு என்று பார்த்தால் முதல் அனுபவத்துக்கு மண்டபமே போதும். அங்கே கற்கும் அளவீட்டு முறைதான் லிசார்ட் தீவிலும்.

தீவுக்கு நாமே படகு பிடித்துப் போகலாமா?

முடியாது. தேசியப் பூங்கா என்பதால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இங்கே முழுசாகப் பொருந்தும். அறிவியல் ஆய்வுக்கோ, புகைப்படம் எடுக்கவோ உள்ளே போக முதன்மை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். சட்டத்தின் 28-வது பிரிவு இதைப் பேசுகிறது. பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பிடித்தோ, மாதிரி எடுத்தோ ஆய்வு செய்ய வேண்டும் என்றால் தனி அனுமதி தேவை.

பவளங்களும் கடல் அட்டையும் இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. "கரையில கிடந்த செத்த பவளம்தானே, ஞாபகார்த்தமா ஒரு துண்டு" என்று பையில் போட்டால்கூட வழக்கு வரலாம்.

ஒரு மாணவர் தனியாக விண்ணப்பித்து இந்த அனுமதி வாங்குவது கடினம். நேரமும் பிடிக்கும். அதனால்தான் ஏற்கெனவே அனுமதி உள்ள திட்டத்தை நடத்தும் நிறுவனத்தோடு சேர்வது நல்லது. சேரும் முன்பே "உங்கள் அனுமதியில் இன்டர்ன் மாணவர் பெயரும் சேருமா, இல்லை நான் கரையில் மட்டும்தான் வேலை செய்வேனா?" என்று கேட்டுவிடுங்கள். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சும்மா ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும் என்றால் வனத்துறையே குந்துகாலில் இருந்து குருசடைக்குச் சூழல் சுற்றுலாப் படகு இயக்குகிறது. விண்ணப்பம் போடும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டால், எதைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை என்று உங்களுக்கே தெளிவாகும்.

அங்கே போனா என்ன வேலை இருக்கும்?

தண்ணீருக்குள் மீன்களோடு நீந்தும் படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலான நாட்கள் ஆய்வகத்திலும் கம்ப்யூட்டர் முன்னாலும் போகும்.

கள வேலை நாளில் விடியற்காலையே கிளம்ப வேண்டும். வெயில் ஏறி காற்று பிடித்தால் கடல் கலங்கிவிடும். படகில் ஜிபிஎஸ் வைத்து, போன முறை அளந்த அதே இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். பவளத்தின் மேல் 20 மீட்டர் டேப்பை விரித்து, டேப்புக்கு நேர் கீழே உயிருள்ள பவளம் எத்தனை சென்டிமீட்டர், செத்தது எவ்வளவு, மணல் எவ்வளவு, பாசி எவ்வளவு என்று நீருக்கடியில் எழுதும் பலகையில் குறிப்பார்கள். கடற்புல் என்றால் சதுரச் சட்டத்தை வைத்து உள்ளே எத்தனை தண்டு என்று எண்ண வேண்டும்.

டேப் பிடிப்பதும், சட்டம் வைப்பதும், தண்ணீர் மாதிரி எடுப்பதும், வெப்பம், உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் அளப்பதும்தான் பெரும்பாலும் இன்டர்னின் வேலை. கரைக்குத் திரும்பியதும் அன்றைய அளவீடுகளை அன்றைக்கே எக்செல்லில் ஏற்ற வேண்டும். "நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று விட்டால் உப்புத் தண்ணீரில் நனைந்த எழுத்து உங்களுக்கே புரியாது.

மறுநடவு நடக்கும் காலத்தில் போனால், உடைந்து கிடக்கும் பவளக் கிளைகளைச் சிமென்ட் பலகையில் கட்டி, அதைக் கடலடியில் வைத்த சட்டங்களில் பொருத்துவதைப் பார்க்கலாம். பிறகு எத்தனை பிழைத்தது, எவ்வளவு வளர்ந்தது என்று அளப்பது மாதக்கணக்கில் நீளும் வேலை.

எப்போது போவது நல்லது?

இங்கே ஒரு சுவாரஸ்யமான பொருத்தம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பவள வெளுப்பு பார்க்க வேண்டிய காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. கல்லூரி விடுமுறையும் அப்போதுதான். வெளுப்பு ஆய்வுக்குக் கூடுதல் ஆட்கள் தேவைப்படும் நேரத்தில்தான் மாணவர்கள் சும்மா இருக்கிறார்கள்.

ஆனால் ஜூனில் குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்று, மலையைத் தாண்டி தூத்துக்குடிப் பக்கம் வறண்டு பலமாக வீசும். கடல் கலங்கும், தண்ணீருக்குள் எதுவும் தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதனால் நீருக்கடியில் வேலை என்றால் ஜனவரி முதல் மே வரைக்கும் திட்டமிடுவது பாதுகாப்பு. மீன் இறங்குதளத்தில் ஆய்வு செய்ய நினைப்பவர்கள், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதை மறக்கக் கூடாது. அப்போது போனால் எண்ணுவதற்கு மீன் இருக்காது.

டைவிங் தெரிஞ்சே ஆகணுமா?

கட்டாயம் இல்லை. தூத்துக்குடி, மண்டபம் பகுதிப் பவளப்பாறைகள் பல ஆழம் குறைந்த இடத்தில் இருக்கின்றன. நீச்சலும் ஸ்நார்க்கல் பழக்கமும் இருந்தால் நிறையப் பார்க்கலாம். ஸ்கூபா டைவிங் செய்ய வேண்டும் என்றால் முறையான பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாத மாணவரை "ஒருமுறைதானே" என்று யாராவது சிலிண்டர் மாட்டி இறக்கச் சொன்னால், மறுத்துவிடுங்கள்.

நீச்சலே தெரியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. மிதவை உயிரிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இனம் காண்பது, மீன் இறங்குதளத்தில் கணக்கெடுப்பது, நீருக்கடியில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் அலசுவது, செயற்கைக்கோள் படத்தில் தீவின் எல்லை எவ்வளவு மாறியது என்று வரைவது, மீனவர்களிடம் பேட்டி எடுப்பது என்று நிறைய. க்யூஜிஐஎஸ், ஆர் போன்ற இலவச மென்பொருட்களை ஊரில் இருந்தபடியே கற்றுக்கொண்டு போகும் மாணவருக்கு நிறுவனங்களில் நல்ல மதிப்பு.

பயிற்சிக்குக் கடல்தான் வேண்டும் என்பதும் இல்லை. சதுரச் சட்டம் வைத்து எண்ணுவதைச் சிற்றாற்றங்கரையில் பழகலாம். மணிமுத்தாறில் இயங்கும் ஏட்ரி அமைப்பின் அகத்தியமலை மையம் ஆண்டுதோறும் நடத்தும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் சேர்கிறார்கள். அதில் ஒருமுறை கலந்துகொண்டதை விண்ணப்பத்தில் எழுதினால், களத்தில் நின்று பழகியவர் என்று தெரியும்.

விண்ணப்பிப்பது எப்படி?

பெரும்பாலான இடங்களில் தனி விண்ணப்பப் படிவம் இருக்காது. விஞ்ஞானிக்கு எழுதும் மின்னஞ்சல்தான் விண்ணப்பம். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பினால் இருபதும் குப்பைக்குத்தான் போகும். குறைந்தது மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

• யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு. இரண்டு வரி போதும்.
• அவருடைய எந்த ஆய்வைப் படித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி.
• எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும்.
• உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்த வேலைகள். நீச்சல், மைக்ரோஸ்கோப், எக்செல், தட்டச்சு, பைக் ஓட்டுவது எதுவானாலும்.
• கல்லூரியில் இருந்து அனுமதிக் கடிதம் வாங்கித் தர முடியுமா என்பது.

ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் எளிய வாக்கியங்களில் எழுதுங்கள். தமிழ் பேசத் தெரிவது இந்த வேலையில் பெரிய பலம். மீனவர்களிடம் பேசி விவரம் சேகரிக்க, வெளி மாநில ஆய்வாளர்கள் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டும். உங்களுக்குத் தேவையில்லை.

பணம் யார் தருவாங்க?

நேரடியாகச் சொல்வதென்றால், குறுகிய கால இன்டர்ன்ஷிப்புகளில் பெரும்பாலும் உதவித்தொகை இருப்பதில்லை. தங்குமிடம், சாப்பாடு, பேருந்துச் செலவு மாணவர் தலையில்தான். சில இடங்களில் பயிற்சிக் கட்டணமும் உண்டு. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு முன்னால் போகிறார்கள் என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. விடுமுறையில் வேலைக்குப் போய் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் சேர்க்க வேண்டிய மாணவிக்கு, மண்டபத்தில் ஒரு மாதம் தங்குவது சின்ன விஷயம் இல்லை.

அதனால் சேரும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

• கட்டணம் உண்டா? உண்டென்றால் எதற்கு? ரசீது தருவார்களா?
• தங்குமிடம் எங்கே? பெண்களுக்குத் தனி விடுதி உண்டா? இரவில் தொடர்புகொள்ள வேண்டியவர் யார்?
• படகில் லைஃப் ஜாக்கெட், காப்பீடு உண்டா?
• புகார் இருந்தால் சொல்ல உள் விசாரணைக் குழு இருக்கிறதா?
• நான் எடுக்கும் தரவை என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் பயன்படுத்தலாமா? கட்டுரையாக வெளிவந்தால் என் பெயர் இருக்குமா?

நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. பெரிய தொகை கேட்டு, "தீவில் மூன்று நாள், உடனடி சர்டிபிகேட்" என்று விளம்பரம் வந்தால், அது சுற்றுலா. இன்டர்ன்ஷிப் என்ற பெயர் போட்டிருப்பதால் அது ஆய்வாகிவிடாது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் உதவித்தொகை உள்ள கோடைக்காலத் திட்டங்களை முதலில் முயற்சி செய்யலாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே நிறுவனத்துக்குப் போனால் வீட்டு வாடகையாவது பகிர்ந்துகொள்ளலாம்.

இதனால் கடலுக்கு உண்மையில் லாபம் உண்டா?

இதுதான் கடைசியாகக் கேட்க வேண்டிய, ஆனால் முக்கியமான கேள்வி. ஒரு மாதம் போய்வரும் மாணவர் எந்தத் தீவையும் காப்பாற்றிவிட மாட்டார். அனுபவம் இல்லாதவர் பவளத்தின் மேல் ஒரு கால் வைத்தால்கூட ஆண்டுக்கணக்கில் வளர்ந்த கிளை ஒடிந்துவிடும். அப்படிப் பார்த்தால் நஷ்டம்தான்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 2016-ல் பவளம் எவ்வளவு செத்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அதற்கு முன் பல ஆண்டுகள் யாரோ அதே இடங்களில் டேப் விரித்து அளந்து வைத்ததுதான். லட்சத்தீவில் 1998 முதல் 2022 வரை அளந்ததால்தான் அங்கே பவளப் பரப்பு சுமார் 37 சதவீதத்தில் இருந்து 19 சதவீதமாக விழுந்தது தெரியவந்தது. ஒரு ஆண்டு விட்டுப்போனாலும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாமல் போகும். ஒரு நல்ல இன்டர்ன் செய்வது அந்த ஒரு கண்ணியை ஒழுங்காகக் கோர்த்துக் கொடுப்பது.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தீவுகளைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் ஆய்வகத்தில் மட்டும் இல்லை. பாம்பன் பக்கம் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் பல தலைமுறையாக இங்கே மூழ்கி எழுகிறார்கள். தேசியப் பூங்கா வந்த பிறகு, தாங்கள் போய்வந்த தீவுகளுக்கே அவர்கள் போக முடியாமல் போனது. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காகவும் கடலைக் கெடுக்காமல் எடுக்கும் முறைகளுக்காகவும் 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளில் வேலை செய்பவர்களுக்கு உலக அளவில் தரப்படும் விருது அது.

அனுமதிச் சீட்டோடு தீவில் இறங்கும் மாணவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தனக்குக் கிடைத்த வாய்ப்பு அங்கேயே பிறந்தவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவர்களிடம் உட்கார்ந்து பேசி, எந்தப் பாரில் எந்த மாதம் என்ன மாறியது என்று கேட்டு, அதையும் பெயரோடு பதிவு செய்தால் அந்த இன்டர்ன்ஷிப் முழுமை பெறும். ஆய்வு முடிந்ததும் ரிப்போர்ட்டின் சுருக்கத்தைத் தமிழில் நாலு பக்கம் எழுதி, அந்த ஊரிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வரலாம். அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

சுருக்கமாக:

• மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்.
• அனுமதி உள்ள ஆய்வு நிறுவனத்தோடு சேர்வதே எளிய வழி. முதலில் சொந்தப் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள்.
• வெளுப்பு ஆய்வுக்கு ஏப்ரல் முதல் ஜூன், நீருக்கடியில் வேலைக்கு ஜனவரி முதல் மே ஏற்ற காலம்.
• டைவிங் கட்டாயம் இல்லை. ஒழுங்காக அளக்கவும், அன்றைக்கே பதிவு செய்யவும் தெரிந்தால் போதும்.
• கட்டணம், தங்குமிடம், பாதுகாப்பு, தரவு உரிமை நான்கையும் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த சீசனில் ஐந்தருவியில் தலையை நனைக்கும்போது, அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் கடலைப் பற்றியும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். விண்ணப்பம் எழுத வேண்டிய நேரம் பெரும்பாலும் அதற்குப் பிறகு வரும் மாதங்கள்தான்.